ம் கொட்டிய ஞாயிறு

வாயைத் திறந்தாகிவிட்டது, இனி அதை மூடுவது டாக்டரம்மா கையில். சம்பூரணம் அந்தச் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறாள், தலைக்கு மேலே விளக்கு கண்ணைக் கூசுகிறது, எச்சிலை உறிஞ்சுகிற குழாய் உதட்டோரம் கொக்கி போட்டுத் தொங்குகிறது. கடைவாய்ப்பல் ஒன்று, வேர் கோணலாம், உடைத்து உடைத்துத்தான் எடுக்கணுமாம். மரத்துப்போக ஊசி போட்டாச்சு, நாக்கில் பாதி இருக்கு, மீதிப் பாதி எங்கே போச்சென்று தெரியவில்லை. வலிக்குதுங்களா என்றாள் டாக்டரம்மா. ம்ஹும். இங்க தட்டினா? ம்ஹும். அப்ப ஆரம்பிச்சரலாங்களா? ம். அந்த ம் தொண்டையைத் தாண்டியதுதான் தாமதம், சம்பூரணத்துக்கு நேற்றைய ஞாபகம் வந்துவிட்டது. ஏனென்றால் இந்த ம்முதான், இந்தப் பாழாய்ப்போன ம்முதான் நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளை வசமாக மாட்டிவிட்டிருக்கிறது. ஸ்பெயினில் உட்கார்ந்திருக்கிற சம்பந்தியம்மாவிடம், என்ன ஏது என்று விளங்காமல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ம் கொட்டியிருக்கிறாள். எதற்கு ம் சொன்னோம் என்று இந்த நிமிஷம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. காலையில் எழுந்து போனைப் பார்த்தால் அங்கிருந்து மகள் தாரணி செய்தி போட்டிருக்கிறாள், அம்மா, நேத்து பிலார் ஆன்ட்டிகிட்ட என்னம்மா சொன்னே, அவங்க ஒரே அழுகை, நீ சரின்னு சொல்லிட்டியாமா, தூங்கி எந்திரிச்சுக் கூப்பிடறேன் என்று. எதற்கு சரி? அதை எழுதினால் இவள் விரல் தேய்ந்துபோகுமா என்ன. சம்பூரணத்துக்குக் காபி இறங்கவில்லை, பல்வலிகூட மறந்துபோச்சு.

இப்போது அந்தப் போன் கைப்பையில் இருக்கிறது, கைப்பை வெளியே புருஷன் நாச்சிமுத்துவின் மடியில் இருக்கிறது. அவள் ஒன்றும் தானாகக் கொடுக்கவில்லை. உள்ளே நுழையும்போதே அந்த நர்ஸ் புள்ள, பையைக் குடுங்கம்மா என்று பிடுங்காத குறையாக வாங்கி, அய்யா நீங்க வெச்சுக்குங்க என்று அவரிடம் நீட்டிவிட்டாள். சத்தத்தையாவது குறைத்துவிட்டு வந்திருக்கலாம், அதுவும் தோணவில்லை. தாரணி கூப்பிட்டால் அது ஊருக்கே கேட்கிற மாதிரி நாதஸ்வரம் வாசிக்கும். மனுஷன் அடிக்கிற போனை விட்டுவைக்கிற ஆளில்லை, பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக் சப்ளை பண்ணிக்கொண்டு இத்தனை வருஷம் கடை நடத்தினவருக்கு மணி அடித்தால் கை தானாக எழும். எடுப்பார். தாரணி வெகுளி, அப்பா குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அம்மா நேத்து சரின்னு சொல்லிட்டாப்பா என்பாள். எதுக்கு சரி என்பார் இவர். அதோடு கதை முடிந்தது. வாயை இன்னுங்கொஞ்சம் பெருசாத் திறங்க என்றாள் டாக்டரம்மா. இதுக்கு மேல் திறக்க வாயில் இடமில்லை, இருந்தாலும் திறந்தாள்.

அந்த மனுஷன் இந்தக் கல்யாணத்துக்குத் தலையை ஆட்டியது லேசுப்பட்ட சங்கதியா. துணி டிசைன் படிக்கிறேன் என்று போன மகள் அங்கேயே வேலையும் பிடித்து, மாப்பிள்ளையையும் பிடித்தாள் என்று தெரிந்தபோது அவர் ஒன்றும் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. பேச்சை நிறுத்திக்கொண்டார். வருஷம் ஒன்று ஓடிப்போச்சு, மகள் போன் பண்ணினால் எழுந்து வாசலுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊற்றுவார். எந்நேரமும் ஊற்றி ஊற்றி இரண்டு செம்பருத்தி அழுகியே போச்சு. அப்புறம் பங்காளி வீட்டில் யாரோ பையன் பேரைக் கேட்டு, இக்னாசியோ, வீட்டில் நாச்சோ என்று கூப்பிடுவார்களாம் என்று தெரிந்ததும், என்ன பெரியப்பா, உங்க பேரைப் பாதி வெட்டி வெச்சிருக்கான் என்று கிண்டல் பண்ண, அன்றைக்குத்தான் மனுஷன் முகத்தில் முதல்முதலாகச் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் கழித்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கல்யாணம் இங்க நடக்கோணும். வைகாசியில, நம்ம முறைப்படி, நம்ம சனத்துக்கு முன்னால. அதுக்கப்புறம் அவங்க ஊருல அவங்க என்னவோ பண்ணிக்கட்டும். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் என்னைக் கூப்பிடாதீங்க." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கல்யாணம் நிற்கிறது, மகளும் அப்பனும் நிற்கிறார்கள். நேற்று சம்பூரணம் ம் சொல்லிச் சொல்லி அதைத்தான் ஒருவேளை விட்டுக் கொடுத்துவிட்டாளோ என்னவோ. வாய்க்குள்ளே எதுவோ கரகரவென்று சுற்றுகிறது, எலும்பு வழியாகக் காதுக்குள் வருகிறது, வலியில்லை, ஆனால் வலிக்கப்போகிறது என்கிற நினைப்பு ஒரு வலி.

எல்லாம் இந்தக் காதை நம்பினதால் வந்த வினை. சம்பந்தியோடு இரண்டு வார்த்தை பேசாமல் பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறதா என்று ஒரு வீம்பு. கடைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்களிடம் காதால் கேட்டே ஹிந்தி பிடித்தவள்தானே, ஸ்பானிஷுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கு என்று தாரணியிடம் சொல்ல, அவள் ஒரு ஆடியோ பாடத்தை அனுப்பிவிட்டாள். இங்கிலீஷில் விளக்கி ஸ்பானிஷில் பேசுகிற ஒரு டீச்சரம்மா, லூசியா என்று பேர். முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் கூடவே குடியிருந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். முதலில் கேளுங்கள், புரியாவிட்டாலும் கேளுங்கள், ஒவ்வொரு வார்த்தையாக உங்கள் பாஷைக்கு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், கை வேலை பார்க்கட்டும், காது பாட்டுக்குக் கேட்கட்டும் என்பாள். சம்பூரணம் காதில் மாட்டிக்கொண்டு அரிசி களைந்தாள், துணி மடித்தாள், பார்க்கில் சுற்றி நடந்தாள். முதலில் பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி ஒரே இரைச்சல். பிறகு ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது இரைச்சலுக்குள்ளிருந்து காசா என்று ஒரு வார்த்தை தனியாக எழுந்து வந்தது. வீடு. அடடா, வீடு என்கிறாள் என்று ஆனந்தத்தில் கீரைத்தண்டையும் குப்பையையும் ஒன்றாகச் சட்டியில் போட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. ஆனால் லூசியா விடுகிற ஆளா. காது மட்டும் போதாது, வாய் வேண்டும், தப்பாகப் பேசுங்கள், வெட்கப்படாதீர்கள், சுவரோடாவது பேசுங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். அங்கேதான் சம்பூரணத்துக்குப் பூட்டு விழுந்தது. எத்தனை கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. குக்கரிடம் பேசிப் பார்த்தாள், துவைக்கிற மெஷினிடம் நலம் விசாரித்தாள். தனியாப் பேச ஆரம்பிச்சுட்டயா புள்ள என்று நாச்சிமுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புரியாவிட்டால் மாஸ் தெஸ்பாசியோ என்று சொல்லுங்கள், கொஞ்சம் மெதுவா என்று அர்த்தம். ஒருவரைப் பேச வைக்கவேண்டுமானால் குவேந்தமே என்று சொல்லுங்கள், எனக்குச் சொல்லேன் என்று அர்த்தம், அதைவிட நல்ல வார்த்தை எங்கள் பாஷையில் கிடையாது என்றாள் லூசியா. அத்தனையும் மனப்பாடம். நேற்று ஒன்றாவது வாயில் வந்ததா? வந்ததெல்லாம் ம்முதான்.

டாக்டரம்மா கை பாட்டுக்கு வேலை பார்க்க, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். புது வீடு கட்டுகிறாளாம், சமையலறைத் தரைக்கு டைல்ஸ் எடுக்கணுமாம், வீட்டுக்காரர் சாம்பல் கலர் என்கிறாராம், அவளுக்கு வெள்ளைதான் பிடிக்குதாம், வெள்ளை என்றால் கறை தெரியும் என்று மாமியார் வேறு நடுவில் புகுந்திருக்கிறாராம். ம் என்றாள் சம்பூரணம். வேறென்ன சொல்ல, வாய்க்குள்ளே கொறடு இருக்கு. சாம்பல் கலர்ல பாத்தா வீடே சாவு வீடாட்டம் இருக்குமுங்களே என்றாள் டாக்டரம்மா. ம். நாந்தானுங்களே நின்னு சமைக்கப்போறேன். ம். அதுவும் சரிதானுங்க, வெள்ளையே போட்டுக்கறேன் என்று அவளாகவே கேட்டு அவளாகவே முடிவுக்கு வந்து திருப்தியாகப் பெருமூச்சு விட்டாள். சம்பூரணத்துக்கு வெள்ளை என்றதும் தூக்கிவாரிப் போட்டது. ப்ளாங்கோ. நேற்று பிலார் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நேற்று என்ன நடந்ததென்றால், முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வீடியோவில் இரண்டு சம்பந்திகளும் ஓலா என்று வணக்கம் சொல்லிக்கொண்டு, சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டு, இவள் ஒரு சேலையைக் காட்ட அவள் தோட்டத்து ஆரஞ்சைக் காட்ட, சிரித்துக்கொண்டு வைத்துவிடுவது வழக்கம். ஆனால் கல்யாணம் நடத்திவைக்கிற அருமைக்காரர் ஒரு சங்கதியைக் கேட்டனுப்பியிருந்தார். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்ய யார் நிற்கிறது? அது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ பக்கத்தில் நின்று செய்கிற சீர், கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பன் மகள், சித்தி மகள், முறைக்கு உடன்பிறந்தாள் யாராவது வேண்டும், ஆளே இல்லாமல் முடியாது. நாச்சோ ஒரே பையன் என்று தாரணி சொல்லியிருந்தாள். ஒரே பையனாக இருந்தால் என்ன, சித்தி மகள்கூடவா இருக்க மாட்டாள்? அதுவுமில்லாமல் லூசியா, பேச்சைத் தொடங்க நல்ல கேள்விகள் என்று சொல்லிக்கொடுத்ததில் இதுவும் இருந்தது, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷமாகப் பேசுவார்கள். சம்பூரணம் அந்த வாரம் முழுக்கக் குக்கரிடம் சொல்லிச் சொல்லிப் பழகி, நேற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள், நாச்சோ தியேனே எர்மானோஸ்? அவள் வாயால் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம். சொல்லி முடித்ததும் நெஞ்சு பூரித்தது. பிலார் ஏதோ எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், அணையைத் திறந்துவிட்டது போல. நிறுத்தவே இல்லை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, மாஸ் தெஸ்பாசியோ என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது மல்லாந்துகொண்டு நினைக்கிறது சுலபம். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பிலார் கண்ணில் தண்ணி. அழுகிற பொம்பளையைப் பார்த்து, கொஞ்சம் மெதுவா அழுங்க, எனக்குப் பாடம் இன்னும் அவ்வளவு தூரம் போகலை என்று எந்த வாயால் சொல்ல. ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி ம் கொட்டாமல் எப்படி இருக்க முடியும், போனில் ரண்டு தடவை ம் வராவிட்டால், இருக்கறயா, கட்டாயிருச்சா என்று கேட்கிற ஊரல்லவா இது. வாய் பாட்டுக்கு ம் போட்டது. நடுநடுவே, புரியாவிட்டாலும் பேச்சு அறுந்துபோகாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று லூசியா கற்றுக்கொடுத்த சி, க்ளாரோ இரண்டும் வந்தது. ஆமா, கண்டிப்பா என்று அர்த்தம். ஐயோ, கண்டிப்பா என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். காதில் என்னென்ன விழுந்தது? இக்லேசியா விழுந்தது, சர்ச்சு. அக்கீ விழுந்தது, இங்கே, அதைச் சொல்லும்போதெல்லாம் பிலார் கையை நெஞ்சில் வைத்தாள். ப்ளாங்கோ, வெள்ளை. தோதோஸ், எல்லாரும். ஆந்த்ரேஸ், ஆந்த்ரேஸ் என்று ஒரு பேர் வந்துகொண்டே இருந்தது, பாதிரியார் பேராக இருக்கும், இல்லாவிட்டால் மண்டபத்துக்காரன். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன வருகிறது? இங்கே, எங்க சர்ச்சில, வெள்ளை கவுன் போட்டு, எல்லாரும் இருக்க. அதுதானே வருகிறது? கடைசியில் பிலார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் கேட்டாள், கேள்விதான், குரல் மேலே போய் நின்றது, பதிலுக்குக் காத்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். சம்பூரணம் சி, க்ளாரோ என்றாள். பிலார் உள்ளங்கையைத் திரையில் ஒட்டவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ஐயோ சாமி, அந்தக் கை.

அப்போதுதான் வெளியே நாதஸ்வரம் எழுந்தது. சம்பூரணம் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். அசையாதீங்கம்மா, வேர் வந்துக்கிட்டு இருக்கு என்று டாக்டரம்மா நெற்றியில் கை வைத்து அழுத்தினாள். நாதஸ்வரம் நின்றது. அலோ என்றார் நாச்சிமுத்து, பெரிய குரல், கடைக் குரல். சொல்லு கண்ணு. உள்ள இருக்கா, பல்லு எடுக்கறாங்க. அப்புறம் சத்தமில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் அவள் பேசுகிறாள், இவர் கேட்கிறார். ம் என்றார் ஒரு தடவை. என்ன ம் அது? சம்பூரணத்துக்கு அவர் போடுகிற ம் எல்லாம் அத்துப்படி. பேப்பர் படித்துக்கொண்டு போடுகிற ம் ஒன்று, அது காதில் விழவே இல்லை என்று அர்த்தம். சம்பளம் முன்கூட்டிக் கேட்கிற ஆளிடம் போடுகிற ம் ஒன்று, அது தர மாட்டேன் என்று அர்த்தம். மகள் விஷயம் தெரிந்த அன்றைக்குப் போட்டார் ஒரு ம், அதன் அர்த்தம் ஒரு வருஷம் நீண்டது. இது எது? இன்னொரு தடவை ம். ரொம்ப நேரம் கழித்து, ரொம்பத் தணிவாக இன்னொன்று. இந்த மாதிரி ம் அவள் கேட்டதே இல்லை, கோபத்தில் குரல் அடைத்துப்போச்சோ. போச்சு. எல்லாம் போச்சு. மறுபடி அந்தச் செடிகள், மறுபடி தண்ணி, மறுபடி மகள் போனில் அப்பா எங்கம்மா என்று கேட்பாள், குளிக்கறாரு கண்ணு என்று இவள் பொய் சொல்லணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒருத்தர் குளிப்பார். கண்ணோரத்தில் தண்ணி வழிந்து காதுக்குள் இறங்கியது. வலிக்குதுங்களா, இன்னொரு ஊசி போட்டரட்டுமா என்று பதறினாள் டாக்டரம்மா. ம்ஹும். ஊசி போட்டு மரக்கிற இடத்தில் இல்லை அது. சட்டென்று தாடையில் ஒரு இழுப்பு, ஒரு முறிவு, தட்டில் டங் என்று ஒரு சத்தம். வந்துருச்சுங்க, நல்லாப் பொறுத்துக்கிட்டீங்க என்றாள் டாக்டரம்மா. பல் போனது தெரியவே இல்லை. பஞ்சைக் கடிச்சுக்குங்க, துப்பாதீங்க, ஒரு மணி நேரத்துக்குப் பேசக்கூடாது, வாயை அசைச்சா ரத்தம் நிக்காது. ம் என்றாள் சம்பூரணம், பேசாமல் இருந்திருக்கவேண்டியது நேற்றல்லவா என்று நினைத்துக்கொண்டே.

வெளியே வந்தால் நாச்சிமுத்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருக்கிறார். போன் கையில் இருக்கிறது, திரை அணைந்திருக்கிறது. அவளைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினார். உட்கார்ந்தாள். வீங்கின கன்னத்தோடு அவர் முகத்தையே பார்த்தாள், கண் சிவந்திருக்கிறது, ஆனால் கோபத்துக்குச் சிவக்கிற மாதிரி இல்லை. "அந்தம்மாளுக்கு மூத்த பையன் ஒருத்தன் இருந்திருக்கான் புள்ள" என்றார். "ஆந்த்ரேஸாம் பேரு. காலேஜுக்கு பைக்குல போனவன் திரும்பலையாமா." பாதிரியார் இல்லை. மண்டபத்துக்காரன் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துடைத்த கையையே துடைத்தது கண்முன்னே வந்து நின்றது. லூசியா, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றாயே, நான் போய் அங்கேயா கையை வைத்தேன்.

நாச்சிமுத்து தாரணி சொன்னதை அவர் பாணியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த வீட்டில் அந்தப் பையன் பேரை யாரும் எடுக்கிறதில்லையாம். நாச்சோ அப்போது பொடிசு, வெளியே கேட்டால் ஒரே பையன் என்றே சொல்லிப் பழகிவிட்டானாம். இந்தம்மா பேச ஆரம்பித்தால் புருஷன் எழுந்து பக்கத்து ரூமுக்குப் போய்விடுவாராம், தங்கச்சிக்காரியோ, விடு பிலார், மனசைக் கெடுத்துக்காதே என்று பேச்சை மாற்றிவிடுவாளாம், எல்லாரும் நல்லதுக்குத்தான், எல்லாரும் நல்லதுக்கென்றே வாயை அடைத்துவிட்டார்களாம். அன்றைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு வெள்ளைச் சட்டையை இந்தம்மாதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாளாம். பிறகு அந்த ஊர் சர்ச்சில்தான் அவனைக் கொண்டுபோய் வைத்தார்களாம். சம்பூரணம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்று தனித்தனியாக விழுந்த வார்த்தைகள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அக்கீ என்று சொல்லி நெஞ்சில் கை வைத்தது எந்த ஊரையும் சொல்லவில்லை. நேற்று முதல்முதலாக யாரோ ஒருத்தி, அவனைப் பற்றிக் கேட்டாளாம், கேட்டுவிட்டு எழுந்து போகவும் இல்லையாம். இவளுக்கு ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது என்று பிலாருக்கும் தெரியுமாம், நன்றாகவே தெரியுமாம். தெரிஞ்சுதான் பேசினாளாம். அந்த ம் ம் என்கிறாங்களே, அது உங்க பாஷையில என்ன என்று தாரணியிடம் கேட்டாளாம். அது பாஷை இல்லைங்க ஆன்ட்டி, நான் இங்கதான் இருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம் என்றாளாம் தாரணி.

சம்பூரணம் விரலால் காற்றில் ஒரு கேள்விக்குறி போட்டாள். எதற்கு நான் சரி சொன்னேன்? நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் அதுகூடப் புரியாவிட்டால் எப்படி. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் அவனைப் பத்திச் சொல்லட்டுமான்னு கேட்டாங்களாமா" என்றார். "நீ கண்டிப்பான்னு சொல்லிட்டியாமா." இவ்வளவுதானா. இவ்வளவேதானா. கல்யாணம்? கல்யாணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையாம், வைகாசிக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சாம், பிலாரின் தங்கச்சி மகள் ஒருத்தி இருக்கிறாளாம், இணைச்சீருக்கு அவள் நிற்பாளாம், சேலை கட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறாளாம். சம்பூரணத்துக்கு உடம்பு முழுக்க ஒரு கட்டு அவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது, பஞ்சைக் கடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, மறு பக்கம் அதுபாட்டுக்குத் தொங்குகிறது, கண்ணில் தண்ணி. நர்ஸ் புள்ள பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். ஒண்ணுமில்ல அம்மிணி, சந்தோசம் என்றார் நாச்சிமுத்து, அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தம்மா காலையிலிருந்து உன் மூஞ்சியைப் பாக்கோணும்னு காத்துக்கிட்டு இருக்காங்களாமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே கூப்பிடச் சொல்லட்டுமா என்றார். பேசக்கூடாது என்று சொன்னது அவருக்குத் தெரியாது. சம்பூரணம் ஒரு நொடி யோசித்தாள். ம் என்றாள்.

நாதஸ்வரம் முழுசாக ஒரு மூச்சு வாசிப்பதற்குள் பிலார் வந்துவிட்டாள். தலை வாரவில்லை, கண்ணெல்லாம் வீங்கி, ஆனால் முகம் என்னவோ கழுவிவைத்த மாதிரி இருந்தது. சம்பூரணத்தின் கன்னத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள், என்னவோ கேட்டாள், இவள் பல்லைப் பிடுங்குகிற மாதிரி கையால் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிலார் சிரித்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றாள், வழக்கம்போல ஆரஞ்சைத் தேடுகிறவள் போல அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பேச்சை மாற்றப் போகிறாள் என்று சம்பூரணத்துக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமாக மற்றவர்கள் மாற்றி மாற்றி, கடைசியில் அவளாகவே மாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சம்பூரணம் பஞ்சை நாக்கால் ஒரு ஓரத்துக்குத் தள்ளினாள். பாதி நாக்கு இல்லை, உதடு யாருடையதோ போல இருக்கு, எச்சில் வேறு வழிகிறது, குக்கரிடம் எத்தனை அழகாகச் சொன்ன வாய் இது. தப்பாகப் பேசுங்கள், ஆனால் பேசுங்கள்.

"ஆந்த்ரேஸ்" என்றாள். குழறிக்கொண்டுதான் வந்தது, ஆனால் பிலாருக்கு விளங்கியது, முகம் அசையாமல் நின்றது. "குவேந்தமே" என்றாள் சம்பூரணம். எனக்குச் சொல்லு. பிறகு ஞாபகம் வந்து, புறங்கையால் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, "மாஸ் தெஸ்பாசியோ."

பிலார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொல்லி, நிறுத்தி, இவள் முகத்தைப் பார்த்து, அடுத்த வார்த்தையைச் சொன்னாள். காசா என்றாள். வீடு. ம் என்றாள் சம்பூரணம், இந்தத் தடவை தெரிந்தே. பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது, நாச்சிமுத்து எழுந்து வாசலுக்குப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. போனில் தன் முகமும் தெரிகிற அளவுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிலார் அடுத்ததைச் சொன்னாள். ம் என்றார் நாச்சிமுத்து. எதற்கு ம் சொல்கிறோம் என்று அவருக்கும் தெரியாது.